எந்த ஆண்டின் பேஸ்பாலைத் திருப்பிக் கேட்கிறீர்கள்?

பேஸ்பாலைக் கெடுத்துவிட்டார்கள் என்று குமுறும் அமெரிக்கத் தமிழ் ரசிகர்களுக்கு,



உங்கள் கோபம் எனக்குப் புதிதல்ல. 2023இல் மைதானத்தில் கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பேஸில் ஓட்டக்காரர் இல்லாவிட்டால் 15 விநாடி, இருந்தால் 20 விநாடி, அதற்குள் பிட்சர் பந்தை வீசத் தொடங்கிவிட வேண்டும் என்று அந்த ஆண்டு விதித்தார்கள். பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. இன்ஃபீல்டர்கள் மூன்று நான்கு பேர் ஒரே பக்கமாகப் போய் நின்று பேட்டரை மடக்குவது தடைசெய்யப்பட்டது. 2026 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அம்பயர் ஸ்டிரைக் என்றதை ஏற்காத பேட்டர் தன் தலையைத் தட்டிக் காட்டினால், கேமரா தீர்ப்புச் சொல்லும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, விருந்து வீடுகளில் சாம்பார் ஆறுவதுகூடத் தெரியாமல் நீங்கள் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். ஆதியில் இருந்த ஆட்டத்தை அப்படியே விட்டால் என்ன என்பதுதான் உங்கள் வாதத்தின் சாரம்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. நாம் யாரும் இந்த ஆட்டத்தோடு பிறந்தவர்கள் இல்லை. கிரிக்கெட்டில் ஊறி வந்து, முதல் சில வருடங்கள் இதைக் கேலி செய்து, பிள்ளைகள் லிட்டில் லீகில் சேர்ந்த பிறகு வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டு, பிறகு விட முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள். அப்படி வந்தவர்கள்தான் இன்று உள்ளூர்க்காரர்களைவிட அதிக ஆசாரம் பார்க்கிறோம். ஆசாரம் பார்ப்பதில் தப்பில்லை. எந்த ஆண்டின் ஆசாரம் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். நான் கேட்க வந்தது அவ்வளவுதான். 1845இன் ஆட்டமா? 1857? 1887? 1893? 1920? ஒன்றைச் சொல்லுங்கள், அதில் என்ன இருந்தது என்று நான் சொல்கிறேன்.

கூப்பர்ஸ்டவுன் கதையை முதலில் ஒதுக்கிவைத்துவிடுவோம். 1839இல் நியூயார்க் மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் ஏப்னர் டபுள்டே என்பவர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று 1905இல் அமைத்த ஒரு குழு முடிவுகட்டியது. முதியவர் ஒருவர் எழுதிய கடிதம்தான் ஆதாரம். அந்த ஆண்டு டபுள்டே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். பேஸ்பாலைத் தானே கண்டுபிடித்ததாக அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனாலும் அந்தக் கதையை நம்பித்தான் 1939இல் அங்கே புகழ்மாடம் திறந்தார்கள். அதே மாடத்தில் அலெக்சாண்டர் கார்ட்ரைட்டின் பெயரிலும் ஒரு பட்டயம் இருக்கிறது. பேஸ்களுக்கு இடையே 90 அடி, ஒன்பது இன்னிங்ஸ், அணிக்கு ஒன்பது பேர் என்று நிறுவியவர் அவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். மூன்றுமே அவர் காலத்து விதிகளில் இல்லை. ஆதி ஆட்டத்தைப் பற்றி நாம் நம்பியிருப்பது எவ்வளவு ஆட்டம் காணும் என்பதற்கு வெண்கலத்திலேயே சாட்சி இருக்கிறது.

எழுத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய விதிகளில் முக்கியமானவை 1845 செப்டம்பரில் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் எழுதிக்கொண்டவை. மன்ஹாட்டனில் இடம் கிடைக்காமல் ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியில் ஹோபோக்கனின் எலீசியன் ஃபீல்ட்ஸ் என்ற பூங்காவுக்குப் படகில் போய் ஆடியவர்கள் இவர்கள். வங்கி ஊழியர், மருத்துவர், வணிகர் என்று வேலை முடிந்து வருகிறவர்கள். 1846 ஜூன் 19 அன்று வெளியார் அணியோடு ஆடிய ஆட்டத்தில் நான்கே இன்னிங்ஸில் 23க்கு 1 என்று தோற்றார்கள். நான்கு இன்னிங்ஸில் ஏன் முடிந்தது என்றால், அன்றைக்கு இன்னிங்ஸ் கணக்கே கிடையாது. முதலில் 21 எடுப்பவருக்கு வெற்றி. எதிரணிக்குச் சமமான வாய்ப்பு தந்துவிட்டு மூட்டை கட்டலாம்.

அந்த மைதானத்துக்கு உங்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் பாதி ஆட்டம் புரியும், பாதி புரியாது. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு 42 தப்படி என்பதுதான் அளவு. யாருடைய தப்படி என்று விதியில் இல்லை. யார் கையிலும் உறை இல்லை. அடித்த பந்து ஒருமுறை தரையில் குத்தி எழும்பிய பிறகு பிடித்தாலும் பேட்டர் அவுட். அம்பயர் ஒருவர்தான், விளையாட்டில் மதிப்புள்ள பெரிய மனிதராகப் பார்த்து அழைத்து உட்காரவைப்பார்கள். அவர் பேட்டருக்குப் பின்னால் குனிந்து நிற்பதில்லை, ஓரமாக இருப்பார். பந்துக்குப் பந்து ஸ்டிரைக், பால் என்று அவர் கத்தவும் மாட்டார், ஏனென்றால் பேட்டர் மட்டையை வீசித் தவறவிட்டால் மட்டுமே அது ஸ்டிரைக். வீசாமல் சும்மா நிற்பதற்குத் தண்டனை இல்லை. எல்லையைத் தாண்டிப் போகும் பந்தும் அவர்களுக்குத் தெரிந்த பெருமை அல்ல, ஆற்றோர மைதானத்தில் பந்து தொலைந்தால் அது தலைவலி.

இவற்றைவிட உங்களை உலுக்கக்கூடியது பிட்சர்தான். பந்தை வீசக் கூடாது, இட வேண்டும் என்று நிக்கர்பாக்கர் விதி சொன்னது. கை இடுப்புக்குக் கீழே, முழங்கை நிமிர்ந்து, குதிரை லாடத்தைக் குறிபார்த்துப் போடும் விளையாட்டில் கை வருவதுபோல, மெதுவாக. பந்தி பரிமாறுகிறவரின் வேலைதான் அவருக்கு. இலையில் உட்கார்ந்திருப்பவர் பேட்டர்; அவர் அடித்து, மற்றவர்கள் ஓடிப் பிடிப்பதுதான் விருந்து. பரிமாறுகிறவரின் திறமையைப் பார்க்க யாரும் வருவதில்லை.

பேஸ்பால் விதிகளின் வரலாறு முழுக்க அந்த ஆள் எப்படி எசமானன் ஆனான் என்பதுதான். அவன் ஒரு அடி முன்னே வைப்பான், விதி அவனை ஒரு அடி பின்னுக்குத் தள்ளும். சில சமயம் அடி என்பது நிஜமாகவே அடிக்கணக்கு. இன்றைய கடிகாரமும் அந்த வரிசையில் வந்து நிற்பதுதான் என்று சொல்லத்தான் இந்த மடல்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1850களின் முடிவில் புரூக்ளினில் ஜிம் கிரெய்ட்டன் என்ற இளைஞன் வந்தான். கை இடுப்புக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் பந்தை விடும் கணத்தில் மணிக்கட்டைச் சுண்டினான். வெளிப்பார்வைக்குத் தெரியாது, தெரிந்தாலும் நிரூபிக்க முடியாது. பந்து வேகமாக வந்தது, எகிறியது. பேட்டர்கள் திணறினார்கள். எதிர்வினையாக, விருப்பமான பந்து வரும்வரை அடிக்காமல் நின்று காலத்தைக் கடத்தினார்கள். 1858இலேயே, நல்ல பந்துகளைத் தொடர்ந்து விட்டுக்கொடுக்கும் பேட்டர்மீது ஸ்டிரைக் சொல்லும் உரிமை அம்பயருக்கு வந்திருந்தது. அடுத்து பிட்சர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டு கண்ட இடத்தில் போட்டு ஆசை காட்ட, 1864 ஆட்டக்காலத்தில் அடிக்க முடியாத பந்துகளுக்கு 'பால்' சொல்லும் உரிமையும் வந்தது. இன்று நாம் ஆட்டத்தின் உயிர் என்று நினைக்கும் அந்த எண்ணிக்கை, மூன்றுக்கு இரண்டு என்று மூச்சைப் பிடித்து நிற்கும் தருணம், இரண்டு தரப்பும் நேரத்தை வீணடித்ததற்குப் போட்ட அபராதத்திலிருந்து பிறந்தது. கடிகாரத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

கிரெய்ட்டன் 1862இல், 21 வயதில் இறந்துபோனான். அவன் காட்டிய வழி இறக்கவில்லை. கேண்டி கம்மிங்ஸ் என்ற புரூக்ளின்காரர், சிறுவனாகக் கடற்கரையில் சிப்பிகளை வீசியபோது அவை வளைந்து போவதைப் பார்த்துத்தான் பந்தையும் வளைக்க முடியும் என்று தோன்றியது என்று பின்னாளில் சொன்னார். வளைபந்தின் தந்தை என்ற பெயரில் அவரும் புகழ்மாடத்தில் இருக்கிறார். 1872இல் மணிக்கட்டுச் சுண்டலை விதி ஒப்புக்கொண்டது. பிறகு கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. இடுப்பு, விலா, தோள். 1884இல் நேஷனல் லீக், தலைக்கு மேலே கையைத் தூக்கி வீசவும் அனுமதி கொடுத்தது. கிரிக்கெட்டில் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பந்து வீச எம்.சி.சி. ஒப்புக்கொண்டது 1864இல். இருபதே வருட இடைவெளியில் இரண்டு ஆட்டமும் ஒரே வாசலைத் தாண்டியிருக்கின்றன; அங்கேயும் பெரியவர்கள் ஆட்டம் கெட்டது என்றுதான் புலம்பினார்கள்.

கை மேலே ஏறிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் பேட்டருக்கு ஒரு சலுகை இருந்தது. 1870களிலிருந்து 1886 வரை, பெட்டியில் வந்து நின்றதும் தனக்கு மேல்பந்து வேண்டுமா, கீழ்ப்பந்து வேண்டுமா என்று அவர் சொல்லலாம். மேல் என்றால் தோளுக்கும் இடுப்புக்கும் இடையே, கீழ் என்றால் இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே. கேட்ட பகுதியில் போட்டால்தான் ஸ்டிரைக். பந்தி மரியாதையின் கடைசி மிச்சம் அது. 1887இல் அதை எடுத்துவிட்டு, தோளிலிருந்து முழங்கால்வரை முழுவதும் ஸ்டிரைக் என்றார்கள்.

அந்த 1887ஐத்தான் யாரும் திருப்பிக் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டதைப் போடும் உரிமையைப் பறித்ததற்கு ஈடாக பேட்டருக்கு நான்கு ஸ்டிரைக் கொடுத்தார்கள். போதாதென்று, 'வாக்' வாங்கி நடந்து முதல் பேஸுக்குப் போனாலும் அது ஒரு ஹிட் என்று கணக்கெழுதினார்கள். சராசரிகள் வீங்கின. செயின்ட் லூயிஸின் டிப் ஓநீல் 0.492 என்று எழுதப்பட்டார்; பின்னாளில் அந்த 'வாக்'களைக் கழித்துக் கணக்குப் பார்த்தபோது 0.435 வந்தது. ஒரே வருடத்தில் இரண்டையும் கைவிட்டார்கள். எத்தனை 'பால்' சேர்ந்தால் முதல் பேஸ் என்பதிலும் அந்தக் காலத்தில் ஒரு நிலை இல்லை. 1879இல் ஒன்பது. பிறகு எட்டு, ஏழு, ஆறு, மறுபடி ஏழு, ஐந்து. 1889இல்தான் நான்கில் வந்து நின்றது. பத்து வருடத்தில் இத்தனை முறை மாற்றியவர்கள் பேட்டருக்கும் பிட்சருக்கும் நடுவே தராசு முள் நிற்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தூரத்தைச் சொல்லாமல் இது முழுமையாகாது. 1857இல் நியூயார்க் சங்கங்கள் கூடி ஒன்பது இன்னிங்ஸ், 90 அடி என்று முடிவுசெய்தபோது பிட்சர் நிற்க வேண்டிய தூரம் 45 அடி என்றும் வகுத்தார்கள். இன்னிங்ஸ் ஏழு போதும் என்பது நிக்கர்பாக்கர் தரப்பின் எண்ணம், அது தோற்றது. 45 அடி என்பது பரிமாறுகிற காலத்துக்குப் போதுமானது. பிட்சர்கள் வேகம் கூட்டியபின் 1881இல் 50 அடியாக்கினார்கள். அவர் நின்ற இடமும் இன்றுபோல ஒரு ரப்பர் துண்டு இல்லை, கட்டம் போட்ட பெட்டி. அதற்குள் ஓடிவந்து வீசலாம். 1887இல் பெட்டியின் பின்கோட்டில் ஒரு காலை வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்றார்கள். பெட்டியின் நீளம் ஐந்தரை அடி. ஆக 55 அடி 6 அங்குலம். இதற்குள் இண்டியானாவில் வளர்ந்த ஏமஸ் ரூசி போன்றவர்கள் வந்துவிட்டார்கள். 1890இல் அவர் கொடுத்த வாக் 289. பந்து எங்கே வரும் என்று தெரியாத வேகம். பேட்டருக்கோ தலையில் எதுவும் கிடையாது. 1893இல் பெட்டியை அழித்துவிட்டு, பின்கோட்டையும் ஐந்து அடி பின்னால் தள்ளி, அங்கே ரப்பரைப் பதித்தார்கள். 60 அடி 6 அங்குலம் என்ற விசித்திரமான எண் இப்படித்தான் வந்தது. யாரோ வரைபடத்தைத் தப்பாகப் படித்ததால் வந்த ஆறு அங்குலம் என்று நம் நண்பர்கள் சிலர் சொல்லும் கதையை நம்பாதீர்கள்.

அந்த ஐந்தடி செய்த வேலையைப் பாருங்கள். நேஷனல் லீகின் மொத்த பேட்டிங் சராசரி 1892இல் 0.245. 1893இல் 0.280. 1894இல் 0.309. இரண்டே ஆண்டில் ஆட்டம் வேறாகிவிட்டது. 1884இல் ஒரே ஆட்டக்காலத்தில் 678 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 59 வெற்றி பெற்ற ராட்போர்ன் போன்ற ஆட்களுக்கு அதன்பிறகு இடமில்லை. 2023இல் வந்த எந்த மாற்றமும் இதன் அருகில் வராது.

பொருள்களுக்கு வருகிறேன். ஆட்டக்காரரின் கையில் இருந்தவை விதிகளைவிட மெதுவாக மாறின. மாறிய ஒவ்வொன்றுக்கும் கேலி முதலில் வந்தது.

பந்தில் ஆரம்பிக்கலாம். டேனியல் ஆடம்ஸ் என்ற மருத்துவர் நிக்கர்பாக்கர் சங்கத்தில் இருந்தார். பந்து செய்து தர ஆள் கிடைக்காமல் ஆறேழு வருடங்கள் தானே செய்தார். ரப்பர் துண்டுகளை உள்ளே வைத்து, நூலைச் சுற்றி, தோலால் மூடுவது. குதிரைத்தோலை எப்படிப் போர்த்துவது என்பதைச் சேணம் தைக்கும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரிடம் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பந்து மிக இலேசானது. அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்தால் பிட்சர்வரை வராது. நடுவில் நின்று வாங்கி எறிய ஒருவர் வேண்டும் என்று ஆடம்ஸ் தானே போய் நின்றார். ஷார்ட்ஸ்டாப் என்ற இடம் பிறந்தது அப்படித்தான். பந்து கனமாகி, நேராக எறிய முடிந்தபின் அந்த ஆள் முன்னே நகர்ந்து இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையே நிலைத்தார். ஒருமுறை குத்தி எழும்பிய பந்தைப் பிடித்து அவுட் ஆக்குவது ஆண்மைக்கு அழகல்ல என்று வருடக்கணக்காகப் போராடியவரும் அவர்தான். 1864இன் இறுதியில்தான் அது நிறைவேறியது. ஃபவுல் பந்துகளுக்கோ அந்தச் சலுகை 1880களின் தொடக்கம்வரை ஓடியது. இத்தனை செய்த மனிதருக்குப் புகழ்மாடத்தில் இன்றுவரை இடமில்லை என்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு. 1857 மாநாட்டுக்காக அவர் கைப்பட எழுதிய விதிகளின் தாள்கள் 2016இல் ஏலத்தில் 32 லட்சம் டாலருக்கு மேல் போயின.

பாஸ்டன் பக்கத்தில் இதே நேரத்தில் வேறொரு ஆட்டம் நடந்தது. மாசசூசெட்ஸ் ஆட்டம் என்பார்கள். 1858இல் டெடம் நகரில் அதற்கும் விதி எழுதினார்கள். நூறு எடுத்தால் வெற்றி. பேஸ் என்பது நான்கடி உயரக் கட்டைகள். ஃபவுல் கோடே கிடையாது. பின்பக்கம் தட்டிவிட்டும் ஓடலாம். கையைத் தூக்கி வேகமாக வீசலாம். ஓடுகிறவரைப் பந்தால் அடித்தே அவுட் ஆக்கலாம். மனிதன்மேல் எறிவதற்கு இலேசான, மென்மையான பந்துதான் வேண்டும். நிக்கர்பாக்கர் விதி ஓட்டக்காரரை அடிக்கக் கூடாது என்று தடுத்ததால்தான் நியூயார்க் பந்து கனமாகவும் கெட்டியாகவும் ஆக முடிந்தது. கெட்டிப் பந்து தொலைவு போகும். தொலைவு போனால் மைதானம் பெரிதாகும். ஒரே ஒரு தடை ஆட்டத்தின் உருவத்தையே தீர்மானித்துவிட்டது. கிரிக்கெட்டைப்போல எல்லாத் திசையிலும் அடிக்கும் ஆட்டம் வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கான பேஸ்பால் மாசசூசெட்ஸில் இருந்தது. சில வருடங்களில் நியூயார்க் ஆட்டத்திடம் தோற்று மறைந்தது.

1857இன் பந்து ஆறு அவுன்ஸுக்கு மேல், சுற்றளவு பத்து அங்குலத்துக்கு மேல். 1872இல் ஐந்து முதல் ஐந்தேகால் அவுன்ஸ், ஒன்பது முதல் ஒன்பதேகால் அங்குலம் என்று குறைத்தார்கள். இன்றைக்கும் அதே அளவுதான். ஆதியில் இருந்தது அப்படியே இருக்கட்டும் என்று கேட்கிறவர்களுக்கு என்னால் தர முடிந்த சில ஆறுதல்களில் இது ஒன்று. ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஒரே பந்து. கூட்டத்துக்குள் போனால் திருப்பித் தர வேண்டும். புல்லுக்குள் போனால் ஐந்து நிமிடம் தேட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வென்ற அணி அதைக் கோப்பையாக எடுத்துப்போகும். தையல் விட்டு, நைந்து, மண்ணேறி, 1910கள்வரைகூட ஏறக்குறைய இப்படித்தான். போதாக்குறைக்கு பிட்சர்கள் எச்சிலும் புகையிலைச் சாறும் பூசினார்கள். எச்சில் பந்தை 1920 பிப்ரவரியில் தடைசெய்தார்கள். ஏற்கெனவே அதையே பிழைப்பாகக் கொண்டிருந்த 17 பேருக்கு மட்டும் விலக்கு. அவர்களில் கடைசி ஆளான பர்லி கிரைம்ஸ் 1934வரை சட்டப்படி எச்சில் தடவி வீசினார்.

அதே 1920 ஆகஸ்ட் 16, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். யாங்கீஸின் கார்ல் மேஸ் வீசிய பந்து, கிளீவ்லாந்தின் ஷார்ட்ஸ்டாப் ரே சாப்மனின் தலையில் பட்டது. பட்ட ஓசையைக் கேட்டு மட்டையில்தான் பட்டது என்று நினைத்த மேஸ், உருண்டு வந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். சாப்மன் மறுநாள் விடியற்காலை இறந்தார். அழுக்கேறிய பந்தை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது பலரின் கருத்து. அதன்பிறகு பந்து அழுக்கானால் மாற்று என்ற வழக்கம் இறுகியது. வெள்ளைப் பந்து, எச்சில் இல்லாத பந்து. பேப் ரூத் அந்த ஆண்டு 54 ஹோம் ரன் அடித்தார். முந்தைய ஆண்டின் 29ஏ அதுவரை சாதனை. இன்று புதுப் பந்து வழுக்குகிறது என்று நியூ ஜெர்சியில் ஓர் ஓடைக்கரையிலிருந்து எடுத்துவரும் சேற்றை ஆட்டத்துக்கு முன் தேய்க்கிறார்கள். ஒரு காலத்தில் பந்திலிருந்து மண்ணைப் போக்கப் பாடுபட்டவர்களின் வாரிசுகள்.

தலைக்கவசம் உடனே வந்ததா என்றால், இல்லை. பெரிய லீக்குகளில் கட்டாயமானது 1971இல்தான். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்கள் வேண்டாம் என்றால் விடலாம் என்றார்கள். பாஸ்டனின் பாப் மாண்ட்கோமரி 1979வரை தலைக்கவசம் இல்லாமலே பேட் செய்தார்.

கையுறையின் கதை இன்னும் மனிதக் கதை. 1870இல் சின்சினாட்டியின் கேட்ச்சர் டக் அலிசன் காயம்பட்ட கைக்கு மான்தோல் உறை போட்டார். 1875இல் செயின்ட் லூயிஸின் சார்லஸ் வெயிட் முதல் பேஸில் உறையோடு நின்றார். விரல்கள் வெட்டிய, மெல்லிய, தோல் நிறத்து உறை. யாரும் கவனித்துவிடக் கூடாது என்றுதான் அந்த நிறம் என்று பிட்சர் ஸ்பால்டிங்கிடம் அவர் ஒப்புக்கொண்டாராம். வலிக்கிறது என்று காட்டிக்கொள்வது அவமானமாக இருந்த காலம். 1877இல் ஸ்பால்டிங்கே முதல் பேஸுக்கு வந்தபோது கறுப்பு உறையைப் பகிரங்கமாக மாட்டினார். பெரிய நட்சத்திரம், யாரும் சிரிக்கவில்லை. சிகாகோவில் அவருக்கு விளையாட்டுச் சாமான் கடையும் இருந்தது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 1877இல் ஹார்வர்டின் ஃபிரெட் தேயர், வாள்வீச்சு முகமூடியை மாற்றி கேட்ச்சருக்கு முகக்கூண்டு செய்தார். அதற்கும் கேலி. 1907இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் ரோஜர் பிரெஸ்னஹன், கிரிக்கெட் பேடைப் போன்ற காலுறையை வெளியே தெரியக் கட்டிக்கொண்டு வந்தபோது மைதானமே சிரித்ததாம். இன்னொன்று, என் மனதுக்குப் பிடித்தது: இன்னிங்ஸ் முடிந்ததும் ஃபீல்டர்கள் உறையைப் புல்லிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். எதிரணி அதன் நடுவே ஓடி ஆடும். 1954இல்தான் அதைத் தடைசெய்தார்கள்.

மட்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1859இல் தடிமன் இரண்டரை அங்குலம், 1869இல் நீளம் 42 அங்குலம் என்று கட்டினார்கள். 1885 முதல் 1892வரை ஒரு பக்கம் தட்டையான மட்டையும் செல்லும். கிரிக்கெட் மட்டையின் ஒன்றுவிட்ட தம்பி. ஹோம் பிளேட் வட்டமான இரும்புத் தட்டாக இருந்து, சதுரமாகி, 1900இல் ஐந்து மூலையானது.

விதியின் ஓட்டைக்குள் புகுந்து விளையாடிய ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். 1876இல் சிகாகோவின் ராஸ் பார்ன்ஸ், பந்தை உள்ளே குத்தவைத்து வெளியே சுழன்றோடும்படி தட்டுவார். முதலில் உள்ளே பட்டால் செல்லும் என்பது அன்றைய விதி. பந்து பார்வையாளர் பக்கம் ஓட, அவர் பேஸ்களைச் சுற்றினார். சராசரி 0.429. மறு ஆண்டே விதியை மாற்றினார்கள். நோயும் சேர, அவர் 0.272க்கு இறங்கினார். இன்ஃபீல்டர்களை ஒரு பக்கம் குவிப்பதைத் தடுத்தது புத்திசாலித்தனத்துக்குத் தண்டனை என்கிறீர்கள். இந்த ஆட்டத்தில் அந்தத் தண்டனைக்கு நூற்றைம்பது வயதாகப்போகிறது.

மேலே சொன்னதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 1968ஐ நினைவூட்டுகிறேன். பிட்சர் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.12. பேட்டிங்கில், அமெரிக்கன் லீகில் 0.301 எடுத்த கார்ல் யஸ்த்ரெம்ஸ்கிதான் முதலிடம். மறு ஆண்டு பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10க்கு வெட்டினார்கள். 2022இல் மொத்த பேட்டிங் சராசரி 0.243; 1968க்குப் பின் அவ்வளவு கீழே போனதில்லை. பிட்சர் மறுபடியும் ஓரடி முன்னே வைத்துவிட்டான். ஒவ்வொரு பந்துக்கும் முழு மூச்சில் வீசிவிட்டு, அடுத்ததற்கு இளைப்பாற மேட்டைச் சுற்றி நடந்தான். கடிகாரம் பறித்தது அந்த இளைப்பாறலைத்தான். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமானது. திருடிய பேஸ்கள் 2,486இலிருந்து 3,503ஆக உயர்ந்தன. கடிகாரம் பேஸ்பாலுக்கே அந்நியம் என்ற வாதமும் எடுபடாது. பேஸ்கள் காலியாக இருந்தால் 12 விநாடிக்குள் வீச வேண்டும் என்று, அதற்கு முன் 20 விநாடி என்று, விதிப் புத்தகத்தில் பல ஆண்டுகளாக இருந்தது. எந்த அம்பயரும் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பழைய ஆட்டத்தின்மேல் உண்மையிலேயே ஆசை இருந்தால் ஒரு வழி உண்டு. 1860களின் விதிப்படி, வெறுங்கையோடு, கம்பளிச் சட்டை போட்டு ஆடும் குழுக்கள் இந்த நாடு முழுக்க இருக்கின்றன. லாங் ஐலண்டில் ஓல்ட் பெத்பேஜ் கிராமத்தில் கோடையில் போய்ப் பாருங்கள். பார்வையாளருக்குப் பக்கத்தில் வந்து விழும் பந்தை விரல் வளைந்த ஒருவர் பிடித்துவிட்டுச் சிரிப்பார். பிட்சர் பணிவாக இடுவார். ஒரு மணி நேரம் ரசிப்பீர்கள். பிறகு யாராவது இரண்டு ஸ்டிரைக் வீசமாட்டார்களா என்று உங்களுக்கே தோன்றும்.

நானும் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறவன் இல்லை. 2020இல் தற்காலிகமாக வந்து 2023இல் நிரந்தரமான ஒரு விதி எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. சமமாகி பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனால், யாரும் அடிக்காமலே இரண்டாம் பேஸில் ஓர் ஆளை நிறுத்தித் தொடங்குகிறார்கள். புதியது என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. அடித்தோ, அடிபட்டோ, நான்கு பந்தை விட்டோ, ஏதோ ஒன்றைச் செய்துதான் பேஸுக்குப் போக வேண்டும் என்பது இந்த ஆட்டத்தில் இத்தனை குழப்பத்துக்கு நடுவிலும் நின்ற கணக்கு. அங்கே நிற்கும் ஆள் எதையும் செய்யவில்லை. பிளேஆஃப் ஆட்டங்களில் அந்த விதி கிடையாது. முக்கியமான ஆட்டங்களுக்கு அது லாயக்கில்லை என்று லீகுக்கே தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அதை நீக்கச் சொல்லி ஒரு மனு எழுதி எடுத்துவாருங்கள். கடிகாரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாமல் இருந்தால், முதல் கையெழுத்து என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் சக ரசிகன்